மங்கைக்கு நான் எழுதிய சாவு

என் மனைவி செல் விழுந்து சாகவில்லை.

அவள் இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஆவணி மாதத்தில், ஸ்கந்தபுரத்தில், எங்கள் குசினிக்குப் பக்கத்து அறையில், காலை ஒன்பது மணியளவில் முட்டு வருத்தத்தில் மூச்சுத் திணறி இறந்தாள். யுத்தம் முடிந்த பிறகு என் மகனுக்கு நான் சொன்ன எறிகணைச் சாவு பொய். அதற்கு முன்பு, ஒரு வருடத்துக்கு மேலாக, அவள் உயிரோடு இருப்பதாக உங்களுக்கு எழுதியதும் பொய்.

இதற்கு மேல் வாசிக்க விருப்பமில்லையென்றால் மூடிவிட்டுப் போங்கள். நான் கோபிக்கமாட்டேன். கோபிக்கும் உரிமை எனக்கு இல்லை...

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், முப்பத்திரண்டு வருடம் சுருக்கெழுத்தராகவும் தட்டச்சாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். பெரியவர்கள் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் குறித்து, பிறகு பிழையில்லாமல் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைப்பதே என் வேலை. என் சொந்த வசனம் ஒன்றை அந்தக் கந்தோரில் எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் இருந்திராது.

எங்களுக்கு ஒரே பிள்ளை, குகன். பாதை திறந்து சண்டை ஓய்ந்திருந்த நாட்களில் அவன் நோர்வேக்குப் போனான். அடுத்த வருடம் அங்கிருந்தபடியே இந்த இணையப் பக்கத்தை ஆக்கித் தந்தான். 'பென்சன்காரன் பக்கம்' என்று பெயர் வைத்ததும் அவனே. அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று நினைத்திருப்பான். சனிக்கிழமைகளில் நான் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போய், நெற் கபே ஒன்றில் ஒரு மணித்தியாலம் இருந்து எழுதிவிட்டு வருவேன்.

முதல் மூன்று கிழமையும் என் அபிப்பிராயங்களை எழுதினேன். பென்சன் தாமதமாவது பற்றி ஒன்று, தமிழில் மனு எழுதும் முறை பற்றி ஒன்று, குளத்து நீர் பங்கிடுவது பற்றி ஒன்று. ஒருவரும் மூச்சு விடவில்லை! குகன் மட்டும், "நல்லாயிருக்கு அப்பா" என்றான். அவன் சிறு வயதிலிருந்தே என் முகம் பார்த்துப் பொய் சொல்லத் தெரியாதவன். தொலைபேசியில் முகம் தெரியாததால் சொல்லிவிட்டான்.

நாலாம் கிழமை எழுத ஒன்றும் அகப்படவில்லை. கொழும்பிலிருந்து வந்து போன எங்கள் சொந்தக்காரரைப் பற்றி என் மனைவி மங்கை சொன்னதை அப்படியே எழுதினேன். அவர்கள் வான் வண்டியில் வந்து இறங்கும்போது கையோடு தண்ணீர்ப் போத்தல்களைக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கையால்கூடத் தொடவில்லை. அவர்கள் படலையைத் தாண்ட முன்னமே மங்கை என்னிடம் சொன்னாள்:

"தண்ணியையே போத்தலில கட்டிக்கொண்டு வந்த சனம், மூச்சையும் கட்டிக்கொண்டு வந்திருக்குங்கள். அதுதான் ஒருத்தரும் வாய் திறந்து கதைக்கேல்லை."

அந்தக் கிழமை கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் இணையத்தில் கடிதங்கள் வந்தன. நீங்கள் எழுதியவை. "அன்ரி இன்னும் என்ன சொன்னவா?" என்று கேட்டிருந்தீர்கள். அன்றிலிருந்து நான் பழைய வேலைக்குத் திரும்பிப் போனேன். குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, பேப்பர் பார்க்கிற மாதிரி இருந்து, அவள் சொல்வதைச் சுருக்கெழுத்தில் கொப்பியில் குறித்தேன். சனிக்கிழமை அதைத் தட்டச்சு செய்தேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் அவளுடையது. நான் பெற்ற பெயரெல்லாம் அவளுடையது. அவளுக்கும் அது தெரியும். உங்கள் கடிதங்களை நான் வாசித்துக் காட்டும்போது துருவலையில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்பாள்.

"என்ர வாயை வைச்சு நீங்கள் பேர் எடுக்கிறியள். முப்பத்திரண்டு வருசம் கந்தோர் உங்களை வைச்சுப் பாத்தது. இப்ப நான் பாக்கவேண்டிக் கிடக்கு!"

அதையும் குறித்தேன்.

குகனுக்கு அந்தப் பக்கம் பொழுதுபோக்கு இல்லை. பாதை மறுபடி பூட்டப்பட்ட பிறகு மங்கைக்கு முட்டு அடிக்கடி வந்தது. கிளிநொச்சி வரை புழுதியில் பயணம் செய்து தொலைபேசியில் கதைக்க அவளால் முடியவில்லை. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை நான் மட்டும் போய் அவனோடு கதைப்பேன். அவன் தாயின் குரலைக் கேட்டே மாதக்கணக்காகிவிட்டது. சனிக்கிழமை பின்னேரம் அந்தப் பக்கத்தைத் திறந்தால்தான் அவனுக்குத் தாய் கதைப்பாள். அதை அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

இனி அந்தக் காலை.

விடியும்போதே அவளுக்கு மூச்சு இழுத்தது. பக்கத்து வளவு நாகராசா அண்ணை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவர ஓடினார். அவருடைய மனைவி கமலாக்கா சுடுதண்ணீர் வைத்தா. லான்ட்மாஸ்டர் படலைக்கு வந்து நின்றபோது எல்லாம் முடிந்துவிட்டது. அந்த இயந்திரம் நிறுத்தப்படாமல் கொஞ்ச நேரம் இரைந்துகொண்டே நின்றது. நான் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுததாக ஞாபகம் இல்லை.

எங்கள் ஆட்களிடையே சாவு நடந்தால் முதல் வேலை அறிவிப்பதுதான். உள்ளூருக்கு ஆள் அனுப்ப வேண்டும், வெளியூருக்குப் பத்திரிகையிலும் வானொலியிலும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் கடைசி மகன். எங்களுக்கு மூத்தவனும் கடைசியும் ஒருவன்தான்.

"தம்பிக்கு அறிவிச்சாச்சோ?" என்று நாகராசா அண்ணை கேட்டார்.

"ஓம்."

"அறிவித்தல் குடுக்கேல்லையோ? கனடாச் சனமெல்லாம் கேக்குமே."

"அவன் அங்கயிருந்து குடுப்பான்."

மங்கையின் தமக்கை மகன், வெளிநாட்டோடு ஒரு தொடர்பும் இல்லாத தோட்டக்காரன், கொள்ளி வைத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் அவன் கையால்தான் நடந்தது. ஊர் முழுக்க குகனுக்குத் தெரியும் என்று நினைத்தது. குகனோ, அவள் இறந்த பிறகு நான் முதல் தடவை தொலைபேசியில் கதைத்தபோது, "அம்மா எப்பிடி?" என்று கேட்டான்.

"அப்பிடியேதான்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என்னிடம் ஒரு காரணம் இருந்தது. நல்ல காரணம்! அவனுடைய அகதிக் கேஸ் முடியவில்லை. தாய் செத்துப்போனாள் என்று கேள்விப்பட்டால் கேஸையும் விட்டுவிட்டுப் பிளேன் ஏறுகிற சுபாவம் அவனுக்கு. ஏறினால் வந்து சேரமாட்டான் என்ற பயம் எனக்கு. கேஸ் முடியட்டும், அதற்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். கேட்பவர் எவரும் சரியென்று தலையாட்டக்கூடிய காரணம். நீங்களும் இப்போது தலையாட்டியிருப்பீர்கள்...

தலையாட்டாதீர்கள். பொறுங்கள்.

அவள் இறந்து மூன்றாம் சனிக்கிழமை நான் கிளிநொச்சிக்குப் போய் வழக்கம்போல எழுதினேன். கொப்பியில் அவள் சொன்னவை மிச்சம் இருந்தன. துடக்குக் கழியாத வீட்டிலிருந்து வந்து, சவரம் செய்யாத முகத்தோடு இருந்து, அவளுடைய பகிடியைத் தட்டச்சு செய்தேன்! ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. முப்பத்திரண்டு வருடப் பழக்கம்.

கார்த்திகை மாதமளவில் கொப்பி முடிந்துவிட்டது.

அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். 'சுகமில்லை, கொஞ்சநாள் எழுதமாட்டேன்' என்று ஒரு வரி போதும். அந்த வரியைத் தட்டச்சும் செய்தேன். திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, மங்கை சொல்லாத ஒன்றை மங்கை சொன்னதாக எழுதினேன்.

பெற்றோல் கண்ணில் காண முடியாத நேரம் அது. ஊரில் மோட்டார் சைக்கிள்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. வீட்டு விளக்குக்கு எண்ணெய் கிடைப்பது கஷ்டம். அவள் வாயில் நான் இதை வைத்தேன்:

"மண்ணெண்ணெயை மோட்டச்சைக்கிள் குடிக்குது. எங்கட வீட்டு வெளிச்சம் முழுக்க இப்ப றோட்டில ஓடித்திரியுது. பிடிச்சுக்கொண்டு வாங்கோ பாப்பம்!"

நாலு வருடத்தில் எதற்கும் வராத அளவு கடிதங்கள் அதற்கு வந்தன. குகன் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

"அப்பா, அம்மா இப்ப முந்தியைவிடப் பகிடியாக் கதைக்கிறா!"

அந்த வசனத்தைக் கேட்டபோது எனக்கு என்ன வந்தது தெரியுமா? துக்கமா? வெட்கமா? இல்லை... சந்தோஷம்! மனைவி செத்து மூன்று மாதம்கூட ஆகாத ஒருவனுக்கு, அவளைவிட அவன் நன்றாகக் கதைக்கிறான் என்று கேட்டதில் சந்தோஷம். பெரியவர்களின் கடிதங்களையே வாழ்நாள் முழுக்கத் தட்டச்சு செய்தவனுக்கு முதல் தடவை சொந்த வசனத்துக்குப் பாராட்டு. சைக்கிளை மிதித்துக்கொண்டு வரும்போது அடுத்த கிழமைக்கு இன்னொன்றை யோசித்தேன். வீட்டுக்கு வந்து, ஒருவரும் இல்லாத குசினியைப் பார்த்த பிறகும் யோசித்தேன்.

அடுத்த தை மாதம் குகனின் கேஸ் வென்றது.

அந்தச் செய்தியை அவன் சொன்னபோது தொலைபேசிக் கடையின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் நல்ல காரணம் அந்த நிமிடத்தோடு முடிந்தது. இனி அவனுக்குச் சொல்லலாம், சொல்லவேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அம்மாட்டச் சொல்லிப்போட்டு என்ன சொன்னவா எண்டு எழுதுங்கோ. நான் காத்துக்கொண்டிருப்பன்."

நான் அடுத்த சனிக்கிழமைவரைகூடக் காத்திருக்கவில்லை. அப்போதே, அந்தத் தொலைபேசியிலேயே, "அம்மா எப்பவோ சொல்லிப்போட்டா. 'கேஸை வெண்டது காணாது, ஒருத்தியைக் கட்டித் தோத்துக் காட்டச் சொல்லுங்கோ' எண்டவா," என்றேன். அவன் சிரித்து முடிய நெடுநேரம் ஆனது.

அன்றைக்குப் பிறகு நான் சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் இல்லை. அவனைக் காப்பாற்ற நான் பொய் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புக்காகவும் உங்கள் கடிதங்களுக்காகவும் சொன்னேன். அவள் இல்லாத பக்கத்தை எவர் வாசிக்கப் போகிறார்கள்? என் மூன்று கிழமை அபிப்பிராயங்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாதா!

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு புரட்டாதியில் நாகராசா அண்ணையும் கமலாக்காவும் நானும் ஸ்கந்தபுரத்தை விட்டு வெளிக்கிட்டோம். அதோடு இந்தப் பக்கம் நின்றது. பிறகு எட்டு ஒன்பது மாதம் எப்படிப் போனதென்று நான் எழுதப்போவதில்லை. அதை எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இந்த வாக்குமூலத்துக்குத் தேவையானது ஒன்றுதான். பங்குனி மாதம், கடற்கரைப் பக்கத்தில், கஞ்சி வாங்குவதற்காகப் பாத்திரத்தோடு வரிசையில் நின்ற கமலாக்கா செல் விழுந்து இறந்தா. நாகராசா அண்ணையும் நானும்தான் ஒரு பனையடியில் அவவைப் புதைத்தோம். தலைமாட்டில் வைக்க ஒரு கல்லும் கிடைக்கவில்லை. கொப்பி உட்பட என் சாமான்கள் எங்கே தொலைந்தனவென்று தெரியாது.

பிறகு முகாம். கம்பி வேலிக்குள் ஒருவரிடம் ஒளித்துவைத்த கைத்தொலைபேசி இருந்தது. என் முறை வந்தபோது குகனின் இலக்கத்தை அழுத்தினேன். இம்முறை சொல்லிவிடுவது என்று உறுதியாக இருந்தேன். சத்தியமாக... உறுதியாக இருந்தேன்.

என் குரலைக் கேட்டதும் அவன் அழத் தொடங்கினான். மாதக்கணக்கில் எங்களைத் தேடியிருக்கிறான். "அம்மாட்டக் குடுங்கோ, அம்மாட்டக் குடுங்கோ," என்றான்.

"அம்மா இல்லை, தம்பி."

அவன் அழுகையை நிறுத்தினான். பிறகு கேட்டான்.

"செல்லோ?"

அந்தக் கேள்வியை அவனேதான் கேட்டான். நான் ஒரு சொல் சொன்னால் போதும் என்ற அளவுக்கு வேலையைச் சுலபமாக்கிவிட்டான்.

"ஓம்."

எங்கே, எப்படி, எந்த மாதம் என்று கேட்டான். கஞ்சி வரிசையைச் சொன்னேன். கையில் இருந்த பாத்திரத்தைச் சொன்னேன். பனையடியைச் சொன்னேன். ஒன்றையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணால் பார்த்ததைத்தானே சொன்னேன்! ஆள் மட்டும்தான் மாறியது.

திரும்பிப் பார்த்தால், எனக்கு அடுத்த முறைக்காக நாகராசா அண்ணை நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். என்னைத் திட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"அது கமலமெல்லே?"

கைத்தொலைபேசியை அவரிடம் நீட்டினேன்.

"மங்கையக்காவுக்கு உம்மட வீட்டில சாவு இருந்ததே. நல்ல சாவு. கொள்ளி வைச்சு, அந்தியேட்டி செய்து... பிறகு ஏன் கமலத்தின்ரையை எடுத்தனீர்? எனக்கு அதைத் தவிர வேற ஒண்டும் மிச்சமில்லையே."

அவர் தொலைபேசியில் கதைக்காமலே திரும்பிப் போனார். அன்றைக்கே தன் பாயை எடுத்துக்கொண்டு வேறு கூடாரத்துக்கு மாறினார். பத்து வருடம் வேலி கட்டாமல் பக்கத்தில் இருந்த மனிதர். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. முகாமிலிருந்து எங்கே போனாரென்றும் எனக்குத் தெரியாது.

குகன் தாயின் படத்தைப் பெரிதாக்கி, கையில் பிடித்துக்கொண்டு, அந்த ஊர் வீதியில் சனத்தோடு நின்றிருக்கிறான். அந்தப் படம் ஸ்கந்தபுரத்தில் எங்கள் வாசலில் எடுத்தது. கொல்லப்பட்டவர்களின் படங்களுக்கு நடுவில் மங்கை சிரித்துக்கொண்டிருக்கிறாள். உண்மையில் கொல்லப்பட்ட கமலாக்காவின் படம் அந்தக் கூட்டத்தில் எவர் கையிலும் இருந்திராது.

திவசத்துக்குத் திதி வேண்டும் என்று அங்குள்ள ஐயர் கேட்டாராம். குகன் என்னிடம் கேட்டான். நான் வவுனியாவில் ஒரு பழைய பஞ்சாங்கம் தேடி எடுத்தேன். மங்கை இறந்தது ஆவணித் தேய்பிறையில், அபரபக்க சப்தமி. மகனுக்குப் பங்குனி என்று சொல்லியாகிவிட்டது. ஆகவே பங்குனியிலும் அபரபக்க சப்தமி எந்த நாளில் வந்தது என்று பார்த்து, அந்த நாளையே சொன்னேன். பட்சமும் திதியும் சரி, மாதம் மட்டும்தான் பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனை கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! ஒரு கிளாக்கரின் மனச்சாட்சி இப்படித்தான் வேலை செய்யும். படிவத்தில் மூன்று கட்டங்களில் இரண்டு சரியாக இருந்தால் நித்திரை வந்துவிடும்.

வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முகாமிலிருந்து விட்ட பிறகு வவுனியாவில் ஒரு அறையில் இருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் நோர்வேயிலிருந்து ஒரு பொதி வந்தது. தாயின் நினைவாகக் குகன் அச்சடித்த கல்வெட்டுப் புத்தகம். எங்கள் வழக்கத்தில் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடித்துக் கொடுப்பார்கள். உள்ளே இறந்தவரின் வரலாறும் தேவாரங்களும் இருக்கும். குகன் தேவாரங்களைக் குறைத்து, இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து 'அம்மா சொன்னவை' என்று ஒரு பகுதி சேர்த்திருந்தான். முதலாவதாக இருந்தது மண்ணெண்ணெய்ப் பகிடி.

பென்சிலை எடுத்துக்கொண்டு இருந்தேன். அவள் சொன்னவற்றுக்கு ஒரு அடையாளம், நான் எழுதியவற்றுக்கு இன்னொரு அடையாளம். அவ்வளவாவது செய்யலாம் என்று நினைத்தேன். தொடக்கத்தில் சுலபமாக இருந்தது. நடுவில் வந்தபோது கை நின்றது. சிலவற்றை எவர் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை! அவள் குரலை நினைத்துப் பார்த்தேன். எல்லா வசனத்தையும் அந்தக் குரல் ஒரே மாதிரிச் சொல்கிறது. கொப்பி இருந்தால் பார்த்துச் சொல்லியிருப்பேன். இப்போது மங்கையைக் கேட்டால்தான் உண்டு.

இதையெல்லாம் மகனிடம் சொல்லாமல் எங்களிடம் ஏன் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. "அந்தப் பக்கத்தை இனி நான் திறக்கமாட்டன் அப்பா. அம்மான்ர குரல் கேக்குது," என்று அவன் என்னிடம் சொல்லியிருக்கிறான். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவன் வராத இடம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உங்களில் ஒருவர் அவனுக்கு அனுப்பிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. அனுப்பமாட்டீர்களோ என்றும் பயமாக இருக்கிறது. இந்த இரண்டில் எது பெரிய பயம் என்று சொல்லத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் தொலைபேசி எடுத்தான். வருட முடிவில் வரும் ஆட்டைத் திவசத்துக்கு அந்தக் கல்வெட்டை மறுபடி அடிக்கப்போகிறானாம்.

"கடைசிப் பக்கத்தில அம்மா கடைசியாச் சொன்னதைப் போடவேணும் அப்பா. என்ன சொன்னவா?"

"ஒண்டும் சொல்லேல்லை. உடன முடிஞ்சுது."

சொன்னாள். அந்த ஆவணிக் காலையில், லான்ட்மாஸ்டருக்காகக் காத்திருந்தபோது, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்து எடுத்துச் சொன்னாள். வாழ்நாளில் அவள் என்னிடம் பகிடியில்லாமல் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

"தம்பிக்கு... ஒளிக்காதேங்கோ. இண்டைக்கே... அறிவியுங்கோ. பிறகு அறிஞ்சால்... அவன் தாங்கமாட்டான்."

அந்த இடத்தில் ஒரு தேவாரத்தைப் போட்டுவிடச் சொன்னேன். எந்தத் தேவாரம் என்று கேட்டான். எதுவானாலும் பரவாயில்லை என்றேன்.